கோழிக்குத் தடுப்பூசி: சாகாமல் இருந்தால் மட்டும் போதுமா?



எண்ணூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் கோழி வளர்ப்புக் கடன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு சகோதரி கேட்டார்: "பறவைக் காய்ச்சலுக்கும் ஊசி போட்டுட்டா பயமில்லாம கடன் வாங்கலாமே, ஏன் நம்ம மாட்டாஸ்பத்திரியில போட மாட்டேங்கறாங்க?" அன்று எங்களுக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. விவரம் தெரிந்துகொண்டு இப்போது எழுதுகிறோம்.

நாம் குஞ்சுகளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் விடும் சொட்டு மருந்து வெள்ளைக்கழிச்சலுக்கானது. ராணிகெட் நோய் என்பதும் இதுதான். பறவைக் காய்ச்சல் வேறு கிருமி. சொட்டு விட்டாச்சு, இனி எதுவும் வராது என்று இருந்துவிடக் கூடாது.

ஆனால் இந்த இரண்டையும் விஞ்ஞானிகள் ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். வெள்ளைக்கழிச்சல் மருந்தில் இருக்கும் வலுக்குறைந்த கிருமியை ஒரு வண்டி மாதிரி வைத்துக்கொண்டு, பறவைக் காய்ச்சல் கிருமியின் மேலுறைப் புரதம் ஒன்றின் மரபணுவை மட்டும் அதில் ஏற்றுகிறார்கள். கோழியின் உடம்பு இரண்டு நோய்க்கும் எதிர்ப்புச் சக்தி தயார் செய்துகொள்ளும். முழுக் கிருமி உள்ளே போகாததால் இந்த ஊசியால் பறவைக் காய்ச்சல் வராது. சீனாவில் 2006 வாக்கில் இப்படி ஒன்று பயன்பாட்டுக்கு வந்தது. மெக்சிகோவில் அதற்கு முன்பே கோழி அம்மைக் கிருமியை வண்டியாக்கியிருந்தார்கள்.

சரி, இது வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள்? ஊசி போட்ட கோழிகள் ஒரு பக்கம், போடாதவை ஒரு பக்கம். சில வாரம் கழித்து ரத்தம் எடுத்து எதிர்ப்புச் சக்தியை அளப்பார்கள். பிறகு காற்றுகூட வடிகட்டித்தான் வெளியே போகும் பாதுகாப்பான ஆய்வகத்தில் நிஜக் கிருமியைக் கொடுப்பார்கள். எது பிழைக்கிறது என்று பார்ப்பது பாதி வேலைதான். தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சு வைத்துத் துடைத்து, கிருமி வெளியே வருகிறதா என்றும் பார்ப்பார்கள். கோழி தெம்பாக மேய்ந்துகொண்டே எச்சத்தில் கிருமியைப் பரப்பினால், அது செத்துப்போவதைவிட ஆபத்து. யாருக்கும் தெரியாமல் தெரு முழுக்கப் பரவிவிடும் அல்லவா?

இன்னொரு சிக்கலும் உண்டு. தாய்க்கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் மருந்து கொடுத்திருந்தால், அந்த எதிர்ப்புச் சக்தி முட்டை வழியாகக் குஞ்சுக்கும் வரும். அது வண்டியையே வழியில் மடக்கிவிடும், சரக்கு போய்ச் சேராது. ஆய்வகத்தில் எந்த நோயையும் பார்க்காத குஞ்சில் நன்றாக வேலை செய்த மருந்து, நம் வீட்டுக் குஞ்சிடம் தோற்பது இதனால்தான்.

நம் நாட்டில் 2006-இல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் இந்த நோய் முதன்முதலாகக் கோழிகளில் கண்டுபிடிக்கப்பட்டது. லட்சக்கணக்கான கோழிகளை அழித்துப் புதைத்தார்கள். கொடிய வகைக்கு ஊசி போடாமல், நோய் வந்த இடத்தில் அழித்து நஷ்டஈடு கொடுப்பதே இங்கே நடைமுறை. போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனம் 2022-இல் ஒரு தடுப்பூசி கொடுத்தது, ஆனால் அது எச்9என்2 என்ற வீரியம் குறைந்த வகைக்கு. அதனால் யாராவது வாசலில் வந்து "பறவைக் காய்ச்சல் ஊசி" என்று விற்றால் குழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கடன் வாங்கியவர்கள் இதைக் கவனியுங்கள். அரசு அழிக்கும் கோழிக்குத்தான் நஷ்டஈடு, அதற்குள் செத்துப்போனதற்குக் கிடையாது. கொண்டை நீலமாகி, ஓரிரு நாளில் பல கோழிகள் சாய்ந்தால், "வெயில் தாக்கிடுச்சு" என்று அறுத்துக் குழம்பு வைப்பதோ, பக்கிங்காம் கால்வாயில் வீசுவதோ வேண்டாம். வெறும் கையால் தொடாமல், உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

வெள்ளைக்கழிச்சல் சொட்டையும் விட்டுவிட வேண்டாம், நம் கோழிகளை அதிகம் கொல்வது அதுதான். கலக்கிய மருந்தை ஐஸில் வைத்து ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் ஒவ்வொரு குழுவிலும் எத்தனை குஞ்சு இருக்கிறது என்று எண்ணி, அடுத்த கூட்டத்துக்கு முன் ஊக்குநரிடம் சொல்லிவிடுங்கள். நாலைந்து குழு சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்ளலாம்.