வாயில் வெள்ளை படிந்தால்

கைக்குழந்தையின் நாக்கு வெள்ளையாக இருக்கிறதா? சுத்தமான ஈரத்துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். பால் படிவு இலகுவில் போய்விடும். தயிர்க்கட்டி போல் ஒட்டி நின்று, அகன்ற இடம் சிவந்து காணப்பட்டால் அது பங்கசுத் தொற்றாக இருக்கலாம்.

இதனை உண்டாக்கும் 'கன்டிடா' பங்கசு சுகதேகிகளின் வாயிலும் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தி குறையும்போது பெருகும். குழந்தைகள், நீரிழிவு உள்ளோர், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுத்தோர், கட்டுப்பல் அணிவோர் ஆகியோரை இது அதிகம் பற்றும்.

செய்ய வேண்டியவை:

1. சுரண்ட வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தேன் தடவுவது ஆபத்து.

2. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். வைத்தியர் தரும் மருந்துத் துளிகளை, வெள்ளை மறைந்தாலும் அவர் சொன்ன நாள்வரை விடுங்கள். முலைக்காம்பில் நோவு இருந்தால் தாய்க்கும் மருந்து தேவை.

3. பால் போத்தலையும் சூப்பியையும் கொதிநீரில் அவியுங்கள்.

4. கட்டுப்பல்லை இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள்.

வெற்றிலை, புகையிலை போடும் பெரியோர் கவனிக்க: துடைத்தும் அகலாத வெள்ளைத் திட்டு, மூன்று வாரத்தில் ஆறாத புண் என்பன புற்றுநோயின் தொடக்கமாகலாம். வலி இல்லையே, கூலிவேலை கெடுமே என்று இருந்துவிடாதீர்கள். சுன்னாகத்திலிருந்து தெல்லிப்பழை தூரமில்லை. அங்கு 2013இல் புற்றுநோய் வைத்தியசாலையும் திறக்கப்பட்டது.

இன்றே உங்கள் வீட்டு முதியவரின் வாயை வெளிச்சத்தில் பார்த்தீர்களா?