நாட்பட்ட இடுப்புவலியும் பணிக்குத் திரும்புதலும்

குறுவை, சம்பா, தாளடி என நடவுக் காலம் வரும்போதெல்லாம் தஞ்சைத் தரணியில் இடுப்புவலியும் உடன் வருகிறது. காலை முதல் சேற்றில் குனிந்து நாற்று நடும் பெண்களுக்கு முதுகை நிமிர்த்த நேரமில்லை. நெல் மூட்டை சுமப்போருக்கும், நாள் முழுதும் கடையில் அமர்ந்திருப்போருக்கும் இதே துன்பம் உண்டு. 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 61.9 கோடி மக்கள் இடுப்புவலியால் வருந்தினர். வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பின் அதனை நாட்பட்ட வலி என்பர்.

இவ்வாறு வருந்துவோரிடம் நாம் அன்பு மிகுதியால், "ஒரு வேலையும் செய்யாதே, படுத்திரு" என்கிறோம். அவ்வன்பே தீங்காகிவிடுகிறது. படுத்தே கிடந்தால் தசைகள் தளரும். தளர்ந்த தசை சிறு வேலைக்கும் வலிக்கும். அவ்வலிக்கு அஞ்சி மேலும் படுப்போம். கூலியோடு தன்னம்பிக்கையும் போய்விடும்.

மருந்தில்லா முறைகள்

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் இதற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நோயாளிக்கு வலியின் தன்மையை விளக்குதல், உடற்பயிற்சி, பிடித்துவிடுதல் போன்ற கைமுறைச் சிகிச்சைகள், அச்சத்தைப் போக்கும் மனநலச் சிகிச்சை ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. நம்மவர் பெரிதும் நம்பும் இடுப்புப் பட்டையையும், இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கொள்ள வேண்டாம் என்கிறது.

நடத்தலும் நல்ல பயிற்சியே. வலி நீங்கிய 701 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வின் முடிவு 2024இல் வெளிவந்தது. இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலில் நடைப்பயிற்சி செய்தோர்க்கு வலி திரும்ப நடுத்தரமாக 208 நாட்களாயின. செய்யாதோர்க்கு 112 நாட்களே. தமிழகத்தில் 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே அளிக்கும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது.

பணிக்குத் திரும்பும் முறை

1. வலி முற்றிலும் தீரும்வரை காத்திருத்தல் வேண்டா. அரைநாள் வேலையில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுக.

2. அரைமணிக்கு ஒருமுறை நிமிர்ந்து வரப்பில் சற்று நடக்க. நடுவோரும் நாற்றுமுடி எடுத்துக் கொடுப்போரும் வேலையை மாற்றிக்கொள்ளலாம்.

3. சுமையை உடலோடு ஒட்டிப் பிடித்துத் தூக்குக. வரிசை நடவு செய்த வயலில் நின்றபடியே தள்ளும் களையெடுக்கும் கருவியைப் பயன்படுத்துக.

4. வேலையில் சிறிது வலித்தால் உடல் கெட்டுவிட்டது என அஞ்ச வேண்டா. மறுநாளும் வலி மிகுந்திருந்தால் வேலையைக் குறைக்க. அடியோடு நிறுத்த வேண்டா.

எச்சரிக்கை

கால் வலுவிழத்தல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் அடக்க இயலாமை ஆகியன தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். காய்ச்சலோ, காரணமற்ற உடல் மெலிவோ, விழுந்து பட்ட அடியோ வலியுடன் சேர்ந்திருப்பினும் மருத்துவரைக் காண்பதில் தாமதம் கூடாது.

நம் கடமை

நம்முள் நிலமுடையோர் பலர். வலியிலிருந்து மீண்டு வரும் பெண்ணிடம், "முழுநாள் நட முடிந்தால் வா" என்று கூறின், அவள் ஒன்று வலியை மறைத்து உழைப்பாள், அன்றேல் வேலையை இழப்பாள். இரண்டும் ஊறே. அரைநாள் வேலையும், நிமிர்வதற்குச் சிறிது நேரமும் அளித்தல் நம்மால் இயலும். எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமையை அறமெனக் கொண்ட நாம், நமக்குச் சோறிடும் முதுகுகளையும் அவ்வறத்துள் சேர்த்தல் வேண்டும்.