வாதமும் விதண்டையும்

நியாய நூலார் சொற்போரை வாதம், செற்பம், விதண்டை என மூவகைப்படுத்துவர். உண்மையறிதற்பொருட்டு நிகழ்வது வாதம். வெற்றியே கருதுவது செற்பம். தன் கொள்கையை நிறுவாது பிறர் கொள்கையை அழித்தன்மாத்திரஞ் செய்வது விதண்டை. பாடசாலை விவாதங்களில் நாம் பெரும்பாலுங் கேட்பது இக்கடையதே. கைதட்டலும் அதற்கே மிகுதி.

அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் பரபக்கத்திலே, உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் மதங்களையும் எடுத்துக்கொண்டு, அவரவர் கூற்றை முன்னர் நிறுத்தி, மறுப்பைப் பின்னரே வைத்தார். ஆறுமுகநாவலரும் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்து அந்நூலை நன்குணர்ந்த பின்னரே, 1854 இற் சைவதூஷணபரிகாரத்தை வெளியிட்டார்.

ஆதலின், ஆசிரியர்காள், மறுக்கப் புகும் மாணாக்கனை, எதிர்பக்கத்தான் “என் கருத்து இதுவே” என்று ஒப்புமாறு அதனை முதலிற் சொல்லச் செய்ம்மின். சொல்லமாட்டானாயின், அன்று அவன் கேட்போர் வரிசையில் அமர்க.