பல்லாங்குழி பழகலாம், பைசா செலவில்லாமல்!

லீவு விட்டாச்சு. செல்போனை வாங்கி வைத்துவிட்டால் பிள்ளைகள் கையில் வேறு என்ன கொடுப்பது என்று யோசிக்கிறீர்களா? பல்லாங்குழி இருக்கவே இருக்கிறது! பாதி ஞாபகமும் பாதி மறதியுமாக இருக்கிறவர்களுக்கும் கைகொடுக்கிற மாதிரி சில குறிப்புகள் இதோ...

1. பலகை இல்லையே என்று கடைக்கு ஓட வேண்டாம். திண்ணையிலோ மொட்டை மாடியிலோ சாக்பீஸால் எதிரும் புதிருமாக ஏழேழு வட்டம் போட்டால் 14 குழி தயார். வீட்டுக்குள் ஆட, விசேஷத்தில் மிஞ்சிய பேப்பர் கப்புகளை இரண்டு விரல் உயரத்துக்கு வெட்டி, ஒரு அட்டையில் வரிசையாக ஒட்டிவிடுங்கள்.

2. வருஷத்துப் புளிக்குக் கொட்டை எடுக்கும்போதே உடையாத, ஒரே அளவுக் கொட்டையாக நூறு பொறுக்கி வையுங்கள். குழிக்கு 5 முத்து வீதம் ஆட்டத்துக்கு 70 போதும். மீதி, சோபாவுக்கு அடியில் உருண்டு ஓடுகிறவற்றுக்கு ஈடு!

3. கொட்டையில் புளி ஒட்டியிருந்தால் எறும்பு மொய்க்கும், கையும் பிசுபிசுக்கும். தேய்த்துக் கழுவி, மொறுமொறுவென்று வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலையோடு டப்பாவில் மூடி வைத்தால் வண்டு அண்டாது.

4. குன்றிமணி பார்க்க எத்தனை அழகாக இருந்தாலும் உள்ளே இருப்பது கொடிய விஷம். பிள்ளைகள் ஆட புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி போதும். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்கிற வயசுக் குழந்தைகள் இருக்கும் வீட்டில், ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து வைத்துவிடுங்கள்.

5. பாதிச் சண்டை, வீட்டுக்கு வீடு விதி மாறுவதால்தான் வருகிறது. ஒரு குழியில் நாலு முத்து சேர்ந்து பசு விழுந்தால் குழிக்காரருக்கா, போட்டவருக்கா? காலிக் குழியைத் துடைத்து அடுத்த குழி முத்தை எடுக்கும்போது எதிர்க் குழியும் சேர்த்தியா? உட்காரும் முன்பே பேசி, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துவிட்டால் பஞ்சாயத்து மிச்சம்.

6. புதிதாக ஆடுகிறவர்கள் ஒரே குழியில் இரண்டு முத்தைத் தவறவிடுவார்கள். உள்ளங்கையில் முத்துகளை வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் ஒவ்வொன்றாக விரல்நுனிக்குத் தள்ளிப் போடப் பழக்குங்கள். கை பழகிவிட்டால் வேகம் தானாக வரும்.

7. சரியாகத்தான் போடுகிறோமா என்று சோதிக்க ஒரு சுலபமான வழி: குழிக்கு 5 வைத்து எந்தக் குழியில் தொடங்கினாலும், முதல் ஆட்டத்தில் (கடைசி முத்து விழுந்ததும் அதற்கு அடுத்த குழியை எடுத்து) ஐந்து முறை அள்ளிப் போட்டதும் காலிக் குழி எதிர்ப்படும். அதைத் துடைத்து அடுத்த குழியை எடுத்தால் 7 முத்து இருக்க வேண்டும். கூடினாலோ குறைந்தாலோ நடுவில் கை தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

8. எந்தக் குழியை அள்ளுவது என்று திகைக்கிறவர்கள் முதலில் காலிக் குழியைத் தேடுங்கள். அதற்கு முந்தின குழியில் கடைசி முத்து விழும்படி உங்கள் பக்கத்தில் ஒரு குழி இருந்தால், அதை அள்ளுங்கள். அப்படிச் செய்யும் முன், காலிக் குழிக்கு அடுத்த குழியில் கணிசமாக முத்து இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

9. நாலு சேர்ந்தால் பசு. அசந்தால் அதன்மேல் இன்னொன்று விழுந்து போயே போச்சு. மூன்று முத்து இருக்கும் குழிகளை ஆட்டத்தின் நடுவே அவ்வப்போது மனசில் குறித்துக்கொண்டால், எதிராளி போடும்போதும் 'பசு!' என்று முதலில் கத்துவது நீங்களாகத்தான் இருக்கும்.

10. அடுத்த சுற்றுக்குத் தோற்றவர் கையிலிருப்பதை ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். 28 முத்து இருந்தால் ஐந்து குழி நிரம்பி 3 மிஞ்சும். மிச்சம் இரண்டு குழியில் குழிக்கொரு ஈர்க்குச்சியைப் போட்டுவிட்டால், மறந்துபோய் முத்தைப் போட மாட்டார்கள். இந்தக் கணக்கை வாண்டுகளையே போடச் சொல்லுங்கள், ஐந்தாம் வாய்ப்பாடு இலவசம்!

11. தொடர்ந்து தோற்கிற குழந்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். சில வீடுகளில் இருப்பது போல, குழிக்கு ஒரே முத்து வைத்துக் 'கஞ்சி காய்ச்ச' விடுங்கள். ஆட்டம் உடனே முடியாமல் நீளும், அழுகையும் நிற்கும்.

12. ஜோடி சேர ஆள் இல்லையா? அசோகவனத்தில் சீதை தனியாக ஆடியதாகச் சொல்வார்களே, அதுபோல இரண்டு பக்கமும் நீங்களே ஆடுங்கள். எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே முடிகிறது என்பது இப்படித் தனியாக ஆடும்போதுதான் பிடிபடும்.

13. நடு ஆட்டத்தில் விருந்தாளி வந்துவிட்டால் கலைக்க மனசு வராது. பலகையைச் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஜெயித்த முத்துகளை ஆளுக்கொரு கிண்ணத்தில் போட்டு வைத்தால், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

14. பழைய மரப் பலகை பரணில் இருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். பழைய டூத் பிரஷால் குழிகளில் உள்ள தூசியைத் தட்டி, துணியில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் தொட்டுத் துடையுங்கள். மடக்குப் பலகை என்றால் முத்துகளை உள்ளேயே போட்டு மூடி, கைக்கெட்டும் அலமாரியில் வையுங்கள். மறுபடி பரணில் ஏற்றினால் அடுத்த லீவுக்கும் யாரும் எடுக்க மாட்டார்கள்!