தலையணையைத் துவைத்தலும் மாற்றுதலும்

இடம்பெயர்ந்த குடும்பமொன்று புதிய இடத்தில் குடியேறும்போது கிணறு, மலசலகூடம், கூரை என்பவற்றைப் பற்றியே முதலில் பேசுகிறோம். அது நியாயமானதே. ஆனால் தலையணையைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. நான் பங்கிட்டுக் கொடுத்த நிவாரணப் பொதிகளில் பாய் இருந்தது, போர்வை இருந்தது, வாளியும் சவர்க்காரமும் இருந்தன. தலையணை இருந்ததாக நினைவில்லை. இரவு முழுவதும் எமது மூக்கும் வாயும் கண்ணும் அதன்மேல்தான் கிடக்கின்றன. வியர்வை, எச்சில், தலை எண்ணெய், உதிர்ந்த தோல் யாவும் அதற்குள் போகின்றன. இந்தப் பாடம் அதைப் பற்றியது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவுக் கரைகளை அழித்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். மறு ஆண்டின் தொடக்கத்தில், குருமாணவனாக இருந்த நான், கல்முனைப் பக்கத்து முகாமொன்றில் உதவி செய்யப் போயிருந்தேன். அங்கே வயதான ஓர் உம்மா ஒவ்வொரு நாளும் ஒரு தலையணையை வேலியில் போட்டுக் காயவைப்பார். பகலெல்லாம் நல்ல வெயில். மாலையில் எடுக்கும்போது காய்ந்துதான் இருக்கும். விடிந்து பார்த்தால் மீண்டும் ஈரம். வீடு இருந்த இடத்தில் கிடைத்த ஒரே பொருள் அது. "உம்மா, இதை எறிந்துவிடுங்கள், நோய் வரும்" என்று படித்தவன் தோரணையில் நான் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, இது காசு குடுத்து வாங்கின பஞ்சு இல்ல. எங்கட வளவு மரத்துப் பஞ்சு. உறை எங்கட மகள் தைச்சது" என்றார். அந்த மகள் அலையோடு போனவர். அதன்பின் எனக்குப் பேச்சு வரவில்லை.

பக்கத்துக் கூடாரத்து அம்மா ஒருவர்தான் வழி காட்டினார். ஒரு பக்கத்துத் தையலைப் பிரித்தார். பஞ்சை வெளியே எடுத்தார். அது கறுத்து, கட்டி கட்டியாக, சேற்று மணத்துடன் இருந்தது. அதைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். உறையை நல்ல நீரில் மூன்று தடவை அலசி, கொதிநீரில் ஊறவைத்து, காயவைத்துக் கொடுத்தார். பழைய சாரம் இரண்டையும் சேலை ஒன்றையும் மடித்து அதற்குள் வைத்துத் தைத்தார்கள். எறியவேண்டியது எது, வைத்திருக்கவேண்டியது எது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பஞ்சு ஏன் காயவில்லை? கடல்நீர் வற்றினாலும் உப்பு பஞ்சுக்குள்ளேயே தங்கிவிடும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அடுப்படி உப்புச் சிரட்டை மழைநாளில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரியந்தான் தலையணைக்குள்ளும் நடந்தது. ஈரம் நின்றால் இரண்டொரு நாளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும்.

மழை வெள்ளமும் இப்படித்தான், இன்னும் மோசம் என்றும் சொல்லலாம். 2024 நவம்பர் இறுதியில் அம்பாறை மாவட்டத்தைத் தாக்கிய வெள்ளத்தை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். வெள்ளநீர் மலசலகூடக் குழி, மாட்டுத் தொழுவம், வயல் நஞ்சு எல்லாவற்றையும் கலந்துகொண்டு வருவது. அந்நீரில் ஊறிய பஞ்சை எவ்வளவு வெயிலில் போட்டாலும் நம்பவேண்டாம். உறையைக் காப்பாற்றுங்கள், பஞ்சைப் புதைத்துவிடுங்கள்.

இனி, வெள்ளம் காணாத சாதாரணத் தலையணைக்கு வருவோம். எமது பகுதியில் நெடுங்காலமாகப் பாவனையில் இருப்பது இலவம் பஞ்சு. இதன் ஒவ்வொரு இழையும் உள்ளே வெறுமையான மெல்லிய குழாய். மேலே மெழுகு போன்ற பூச்சு உண்டு. ஆகவேதான் நீர் இலகுவில் உட்புகாது. தன் எடையைப்போல் முப்பது மடங்கு பாரத்தை நீரில் தாங்கக்கூடியது என்பதால் முன்னர் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளில் இதை அடைத்தார்கள். இலவு காத்த கிளிக்கு ஏமாற்றம், எமக்கோ தலையணை.

ஆனால் இந்த இழை முறியும் தன்மையுடையது. நூலாக நூற்கவும் வராது. முழுத் தலையணையையும் வாளிக்குள் அமிழ்த்திக் கசக்கினால் குழாய்கள் நசுங்கி, பஞ்சு கட்டியாகிவிடும். நடுவில் தங்கும் ஈரமும் வெளியேறாது. எனவே இலவம் பஞ்சைத் துவைக்கக் கூடாது. பிரித்து, வெயிலில் போட்டு, மீண்டும் அடைக்கவேண்டும்.

செய்யும் விதம் இதுதான். காற்றில்லாத காலை வேளையில், ஒரு பக்கத் தையலை ஒரு சாண் அளவுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். இழுப்பு உள்ள பிள்ளைகளை அயல் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கிழியாத பழைய நுளம்பு வலைக்குள் பஞ்சைக் கொட்டி வாயைக் கட்டினால் பறக்காது. அந்த வலையோடேயே பாயில் பரப்பி, ஒன்பது மணி முதல் மூன்று மணி வரை வெயிலில் விட்டு, இடையிடையே புரட்டி, மெல்லிய தடியால் தட்டுங்கள். கட்டிகள் அவிழும், தூசி கீழே விழும். விதை இருந்தால் பொறுக்கி எடுங்கள். விதைக்கு எலி வரும். கையில் எடுத்து நசுக்கும்போது தூளாகிப்போகும் பஞ்சு காலம் முடிந்த பஞ்சு. அதைக் கழித்துவிட்டுக் குறையும் அளவுக்குப் புதியது சேருங்கள். சாதாரணத் தலையணை ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ போதும்.

உள்ளுறையைக் கை வைக்க முடியாத சூட்டு நீரில் சவர்க்காரத்தோடு ஊறவைத்துத் துவையுங்கள். அந்தச் சூட்டில்தான் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் சாகும். அவை எம்மிலிருந்து உதிரும் தோலைத் தின்று தலையணைக்குள் பெருகுபவை. அவற்றின் எச்சம் மூக்கில் ஏறும்போதுதான் சிலருக்குத் தும்மலும் இழுப்பும் வருகின்றன. கடலோர ஈரக்காற்று அவற்றுக்கு மிகவும் பிடிக்கும். நல்ல வெயிலும் வறட்சியும் பிடிக்காது. உள்ளுறை நெருக்கமாக நெய்த துணியாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பஞ்சு கசிந்துகொண்டே இருக்கும். வெளியுறைக்கு மருதமுனைக் கைத்தறித் துணியைப் போன்ற மெதுவான பருத்தி நல்லது. வெளியுறையைக் கிழமைக்கு ஒருமுறை துவையுங்கள். ஒரு தலையணைக்கு இரண்டு உறை இருந்தால் இது முடியும். ஒன்றுதான் இருந்தால் முடியாது என்பது எனக்கும் தெரியும். பழைய சாரத்தில் இன்னொன்று தைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. இலவம் பஞ்சு மிக வேகமாகத் தீப்பற்றும். கிடுகுக் கொட்டிலுக்குள் பஞ்சைப் பிரித்து வைத்துக்கொண்டு அடுப்பு மூட்டாதீர்கள். நுளம்புத்திரியைத் தலைமாட்டில் வைக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

கடைகளில் இப்போது மலிவாகக் கிடைப்பது செயற்கைப் பஞ்சுத் தலையணை. இதை முழுதாகவே துவைக்கலாம். இளஞ்சூட்டு நீரில் சிறிது சலவைத்தூள் போட்டு, முறுக்காமல் அமுக்கி அமுக்கிக் கழுவி, நுரை போகும்வரை அலசி, கிடையாக வைத்துக் காயவிடுங்கள். உள்ளே காய இரண்டு நாள் பிடிக்கும். பின்னர் இரண்டாக மடித்து விட்டுப் பாருங்கள். தானாக விரியாவிட்டால் அதன் காலம் முடிந்தது. ஸ்பொஞ்ச் தலையணையைக் கடும் வெயிலில் போட்டால் பொடிப்பொடியாகும். உறையைத் துவைத்து, தலையணையை நிழலில் காற்றாட விடுங்கள்.

பலர் ஒரே இடத்தில் படுக்கும் முகாம்களில் சொறி பரவுவதைக் கண்டிருக்கிறேன். சொறிப்பூச்சி மனித உடலை விட்டு இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிர் வாழாது. பேனும் தலையை விட்டு இறங்கினால் ஓரிரு நாள்தான். ஆகவே துவைக்க முடியாத தலையணையைப் பொலித்தீன் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி ஒரு கிழமை வைத்தால் போதும். ஆனால் வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசாவிட்டால் இதனால் பயனில்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் பூசிவிட்டு, மருந்து சரியில்லை என்று குறை சொல்கிறோம்.

பஞ்சு வாங்க வசதியில்லாதவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. அந்த உம்மாவுக்குச் செய்ததுபோல் பழந்துணியை மடித்து வைத்த தலையணை, கிழமைதோறும் பிரித்துத் துவைக்கக்கூடியது. எனக்குக் கேட்டால், கொட்டில் வாழ்க்கைக்கு இலவம் பஞ்சைவிட அதுவே நல்லது என்பேன். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தலையணையே வேண்டாம். முகம் அமிழ்ந்து மூச்சு அடைபடக்கூடும்.

காலம் பார்த்துச் செய்தால் வேலை இலகு. பெரும்போக அறுவடை முடிந்து கோடை தொடங்கும்போது இலவங்காய் முற்றி வெடிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எதுவும் அரை நாளில் காயும். ஐப்பசி மழைக்கு முன்னர் எல்லாத் தலையணைகளும் வெயில் கண்டிருக்கவேண்டும். மழைக்காலத்தில் பகலில் அவற்றை நிலத்தில் விடாமல் உயரத்தில் கட்டி வையுங்கள்.

நிரந்தர வளவு கிடைத்தவர்கள் வேலியோரம் ஓர் இலவங் கம்பை நடலாம். கிளை நட்டாலும் விதை போட்டாலும் வரும், விரைவாக வளரும், நாலைந்து ஆண்டில் காய்க்கத் தொடங்கும். கிளை காற்றுக்கு முறியும் மரம். ஆகையால் கூரைக்கு அருகில் வேண்டாம்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளைப் பேசிப் பாருங்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர், எத்தனை தலையணை? கடைசியாக அவற்றின் தையலைப் பிரித்து உள்ளே பார்த்தது எப்போது? பதில்களை எழுதி அனுப்பினால், பஞ்சும் உறைத்துணியும் எவ்வளவு தேவை என்று கணக்கெடுக்க எமக்கு உதவும்.