பாற்பல் முளைக்கும் பருவம்: குழந்தையைத் தேற்றலும் காத்தலும்

குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாகக் கண்டு மகிழ்ந்தவர்கள் எம் முன்னோர். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையைப் பத்துப் பருவங்களாக வகுத்து, ஐந்தாம் மாதத்தைச் செங்கீரைப் பருவம் என்றனர். கைகளை நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்திக் குழந்தை ஆடும் காலம் அது. ஏறக்குறைய இந்தக் காலத்திலேதான் குழந்தையின் வாயில் வீணீர் ஊறத் தொடங்குகிறது. கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைத்துக் கடிக்கிறது. காரணமின்றிச் சிணுங்குகிறது. இரவில் விழித்து அழுகிறது. "பிள்ளைக்குப் பல்லு வரப்போகுது" என்று வீட்டிலுள்ள அம்மம்மா அப்போதே சொல்லிவிடுவார்.

அவர் சொல்வது பெரும்பாலும் சரியே. ஆனால் அதே சொல் சில வேளைகளில் ஆபத்தையும் மறைத்துவிடுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவது ஒவ்வொரு பெற்றோரினதும் பேரன் பேத்தியரைக் காணும் பெரியோரினதும் கடமையாகும்.

பற்கள் தோன்றும் ஒழுங்கு

பாற்பற்களின் அரும்புகள் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. அவை முரசைக் கிழித்து வெளிவருவதையே நாம் பல் முளைத்தல் என்கிறோம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறாம் மாதமளவில் கீழ் முரசின் நடுவே இரு பற்கள் முதலில் தோன்றும். அடுத்து மேல் முன்பற்களும் பக்கப் பற்களும் வரும். ஒரு வயதுக்குப் பின்னர் முதற் கடைவாய்ப் பற்களும், அதனையடுத்து வேட்டைப் பற்களும், இறுதியாகப் பின் கடைவாய்ப் பற்களும் வெளிவரும். மூன்று வயதளவில் மொத்தம் 20 பாற்பற்களும் நிறைந்துவிடும்.

இதில் எல்லாக் குழந்தைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நான்காம் மாதத்தில் பல் முளைத்த பிள்ளையும் உண்டு. ஒரு வயதாகியும் முளைக்காத பிள்ளையும் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளையுடன் ஒப்பிட்டுக் கவலைப்படத் தேவையில்லை. 18 மாதமாகியும் ஒரு பல்லேனும் தோன்றாவிடின் பல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

தேற்றும் வழிகள்

பல் வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்பின்னாகவே குழந்தை அதிகம் துன்பப்படும். அதனைத் தேற்றுவதற்கு விலை கூடிய பொருள் எதுவும் தேவையில்லை.

1. கையைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவி, சுத்தமான விரலினால் முரசை மெதுவாக அழுத்தித் தடவிக் கொடுத்தல். பல்லின் அழுத்தத்துக்கு எதிராக இவ்வாறு அழுத்தும்போது வலி தணியும்.

2. கொதித்தாறிய நீரில் நனைத்த சுத்தமான சிறு துவாய்த் துண்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் சிறிது நேரம் வைத்து எடுத்து, பெரியவர் ஒருவர் பிடித்திருக்கக் குழந்தைக்குக் கடிக்கக் கொடுத்தல். குளிர்ச்சி போதும், பனிக்கட்டியாக உறைந்த பொருள் முரசைப் புண்ணாக்கும்.

3. உடையாத, ஒரே துண்டாலான இறப்பர் வளையத்தைக் கழுவிக் கொடுத்தல். உள்ளே நீர் நிரப்பிய வளையங்கள் கடிபட்டு ஒழுகக்கூடும்.

4. வீணீரை அடிக்கடி மென்மையான துணியால் ஒற்றியெடுத்தல். தேய்த்துத் துடைத்தால் நாடியிலும் கழுத்திலும் தோல் சிவந்து புண்ணாகும்.

5. தாய்ப்பால் கேட்கும்போதெல்லாம் கொடுத்தல். தூக்கி அணைத்தல், தோளிற் போட்டு உலாவுதல், தாலாட்டுதல் என்பவை மருந்திலும் மேலானவை.

இவற்றால் தணியாத வலியெனின் வைத்தியரைக் கேட்டு, குழந்தையின் நிறைக்கேற்ற அளவில் பரசிற்றமோல் பாணி கொடுக்கலாம். மூத்த பிள்ளைக்கு வாங்கிய போத்தலில் இருந்து கண்மதிப்பாக ஊற்றிக் கொடுத்தல் கூடாது.

தவிர்க்க வேண்டியவை

முரசு மரத்துப்போவதற்குப் பூசும் சில களிம்புகள் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. அவற்றிலுள்ள பென்சோகெயின் என்னும் மருந்து, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து உயிராபத்தை விளைவிக்கக்கூடியது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதனைப் பல்வலிக்காகப் பயன்படுத்தலாகாதென அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2018 இல் எச்சரித்தது.

தேனை முரசில் தடவுவது சிலரது வழக்கம். ஒரு வயது நிறையும் வரை தேன் ஒரு துளியும் கொடுத்தல் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, முதிராத குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

கழுத்திலுள்ள பஞ்சாயுதச் சங்கிலியையும் கறுப்பு நூலையும் குழந்தை வாயில் இழுத்துக் கடிக்கும் காலம் இது. கழன்ற பாகம் தொண்டையில் அடைபடலாம். நூல் கழுத்தை இறுக்கலாம். உறங்கும்போதாவது அவற்றைக் கழற்றி வைத்தல் அறிவுடைமை. கரட் துண்டு, தேங்காய்ச் சொட்டு போன்றவற்றைக் கடிக்கக் கொடுப்பதும் அதே காரணத்தால் ஆபத்தானது.

பல்லுக்காய்ச்சல் என்று ஒன்று உண்டா?

இக்கட்டுரையின் முக்கிய பகுதி இதுவே. வீடுகளில் வழக்கமாகக் கேட்கும் உரையாடல் ஒன்று உண்டு.

"அம்மா, பிள்ளைக்கு நேற்றிலிருந்து உடம்பு சுடுகுது. நாலைஞ்சு தரம் வயித்தாலையும் போட்டுது."

"பயப்பிடாதை பிள்ளை. பல்லு முளைக்கிறதுக்குத்தான். உன்ரை அண்ணனுக்கும் இப்பிடித்தான் இருந்தது."

இவ்வாறு ஒரு நாள் கழிகிறது. இரண்டு நாள் கழிகிறது. அதற்குள் குழந்தை நீரிழந்து சோர்ந்துவிடுகிறது.

அமெரிக்காவிலுள்ள கிளீவ்லாந்து நகரில் 125 குழந்தைகளின் பெற்றோர் நாள்தோறும் எழுதிய குறிப்புகளை ஆராய்ந்த வைத்தியர்கள் தமது முடிவை 2000 இல் வெளியிட்டனர். பல் முளைக்கும் நாட்களில் கடித்தல், வீணீர் வடிதல், முரசைத் தேய்த்தல், சினத்தல், திண்ம உணவை வெறுத்தல், உடற்சூடு சிறிது கூடுதல் ஆகியன காணப்பட்டன. கடுங்காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் பல் முளைத்தலுடன் தொடர்பு காணப்படவில்லை.

அப்படியானால் இவையெல்லாம் ஒரே காலத்தில் வருவதேன்? பிறக்குமுன் தாயிடமிருந்து பெற்ற நோயெதிர்ப்புச் சக்தி குழந்தைக்கு ஆறாம் மாதமளவில் குறைந்துவிடுகிறது. அதே காலத்திலேயே தாய்ப்பாலுடன் மேலதிக உணவும் தொடங்குகிறது. குழந்தை தவழ்ந்து நிலத்திற் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கிறது. கிருமி உட்செல்லும் வழிகள் திறக்கும் காலமும் பல் முளைக்கும் காலமும் ஒன்றாக அமைவதால், பழி பல்லின்மேல் விழுகிறது.

இத்தவறு எமது ஊருக்கு மட்டும் உரியதன்று. 17ஆம் நூற்றாண்டில் இலண்டன் நகரில் வெளியான மரணப் பட்டியல்களில் "பற்கள்" என்பதே ஒரு மரணக் காரணமாக எழுதப்பட்டிருந்தது. பின்னர் அங்கு பல் முளைக்கும் குழந்தைகளுக்கென விற்ற தூளில் பாதரசம் சேர்க்கப்பட்டிருந்தது. அதனாற் பல குழந்தைகள் கைகால் சிவந்து நோயுற்று இறந்தனர். 1954 இல் அத்தூள்களிலிருந்து பாதரசம் நீக்கப்பட்ட பின்னரே அந்நோய் மறைந்தது.

ஆகவே பின்வருவனவற்றுள் ஒன்றேனும் காணப்பட்டால் பல்லைக் காரணங்காட்டித் தாமதிக்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்:

• உடல் வெப்பநிலை 38 பாகை செல்சியசு, அதாவது 100.4 பாகை பரனைற்று அல்லது அதற்கு மேல்
• வயிற்றோட்டம் அல்லது தொடர் வாந்தி
• ஆறு மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீர் கழியாமை, உச்சிக்குழி தாழ்தல், கண் குழிவிழுதல், கண்ணீரின்றி அழுதல்
• பால் குடிக்க மறுத்தல், வழமைக்கு மாறான உறக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல்

டெங்கு பரவும் எமது நாட்டில் காய்ச்சலுக்கு அஸ்பிரின், இபுபுரோபன் ஆகியவற்றைத் தாமாகக் கொடுத்தல் கூடாது. வயிற்றோட்டமெனின் வைத்தியசாலைக்குச் செல்லும் வழியிலும் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. சந்தேகம் ஏற்படும்போது குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்கலாம். அவர் கேள்விக்குச் சினப்பவரல்லர்.

முளைத்த பல்லைக் காத்தல்

விழுந்து போகும் பல்தானே என்று பாற்பல்லை அலட்சியம் செய்பவர் பலர். உண்பதற்கும் சொற்களைத் திருந்த உச்சரிப்பதற்கும் அவை தேவை. பின்வரும் நிலையான பற்களுக்கு இடம் பிடித்து வைப்பனவும் அவையே. முதற்பல் தோன்றிய நாளிலிருந்து மென்மையான சிறு தூரிகையில் அரிசிமணியளவு புளோரைட்டுப் பற்பசை பூசிக் காலையும் இரவும் துலக்குதல் வேண்டும். சீனி கலந்த பாற்போத்தலை வாயில் வைத்தபடி உறங்கவிட்டால் முன்பற்கள் விரைவிற் சொத்தையாகும்.

பல்லுக்கொழுக்கட்டை

முதற்பல் தோன்றியதும் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பது எமது மரபு. பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் உள்ளீடாக வைத்து, பல்லுப்போல் வெட்டிய தேங்காய்ச் சொட்டுகளைப் பதித்து அவித்த கொழுக்கட்டைகளை, வெள்ளைத்துணி விரித்த குழந்தையின் தலையிற் சொரிந்து உறவினர் மகிழ்வர். தட்டில் வைத்த புத்தகம், பேனை, நகை முதலியவற்றுள் குழந்தை எதை எடுக்கிறதென்று எல்லோரும் பார்த்திருப்பர். இது அழகிய வழக்கம், காக்கப்பட வேண்டியது. கொழுக்கட்டை குழந்தையின் வாய்க்குப் போகாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

அன்றைய தினத்தை வீட்டிலுள்ள குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டிலும் குறித்து வைத்தல் நன்று. அம்மம்மாவின் அனுபவமும் வைத்தியரின் அறிவும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. குழந்தை சிணுங்கும்போது அம்மம்மாவின் மடி போதும். உடம்பு சுடும்போது, அதே அம்மம்மாவே "வா பிள்ளை, ஆசுபத்திரிக்குப் போவம்" என்று முதலில் எழுந்து நின்றால், அந்த வீட்டுப் பிள்ளை நலமாக வளரும்.