வேலிக்கு அடியில் குழியா? மூடுறதுக்கு முன்னாடி அதைப் படி!

அன்புத் தங்கச்சி,

"அக்கா, நேத்தும் எங்க நாய் வேலிக்கு அடியில தோண்டி வெளியே போயிட்டான். செங்கல் வச்சு அடைச்சேன். இன்னிக்குப் பக்கத்துலயே புதுக் குழி!"ன்னு நீ போன்ல சொன்னதும் எனக்கு எங்க செம்பன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

செம்பன் நாட்டு நாய். எங்க கொல்லையைச் சுத்திக் கல்தூண் நட்டுக் கம்பி வலை அடிச்சிருக்கோம். அவன் ஒரே இடத்துலதான் தோண்டுவான். நான் மூடுவேன், மறுநாள் தோண்டுவான். ஒரு மத்தியானம் அப்படி வெளியே போனவன் பைக்கில அடிபட்டு, முன்னங்காலைத் தூக்கிக்கிட்டே திரும்பி வந்தான். காலுக்குக் கட்டுப் போட்டு அவனைப் படுக்க வச்ச பிறகுதான் அந்தக் குழிகிட்ட உட்கார்ந்து பார்த்தேன். துவைக்கிற கல்லுல இருந்து தண்ணி ஓடி வந்து தேங்குற இடம் அது. மொத்தக் கொல்லையிலயும் அங்கே மட்டும்தான் மண்ணு ஈரமா, குளுகுளுன்னு இருந்துச்சு. அவன் ஓடிப்போகத் தோண்டலை. சித்திரை வெயிலுக்கு வயித்தைக் குளிர வைக்கத் தோண்டியிருக்கான். குழி ஆழமானதும் அந்தப் பக்கம் வழி கிடைச்சிருக்கு. இதை முதல் நாளே பார்த்திருந்தா அவன் கால் தப்பிச்சிருக்கும். அதான் உன்கிட்ட முதல்ல இதைச் சொல்றேன்: குழியை மூடுறதுக்கு முன்னாடி, எதுக்குத் தோண்டுறான்னு பாரு.

குழி எங்கே இருக்கு?

* நிழலான, ஈரமான இடம்: வெயில் தாங்கலைன்னு அர்த்தம். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு முழுக்க வேர்க்காது. பெரும்பாலும் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு இரைச்சுத்தான் சூட்டைத் தணிச்சுக்கும்.
* விறகு அடுக்கு, கோழிக்கூடு பக்கம்: பெருச்சாளியோ எலியோ வளை போட்டிருக்கும். மோப்பம் பிடிச்சுப் போறான்.
* செடி நட்ட இடம்: உரமாப் போடுற கடலைப் புண்ணாக்கு, எலும்புத் தூள், மீன் அமிலம் இதெல்லாம் நாய்க்குச் சாப்பாட்டு வாசனை.
* கேட்டு ஓரம், தெரு தெரியுற பக்கம்: வெளியே இருக்கிற நாய்ங்களைப் பார்த்துத் தவிக்கிறான். இல்லைன்னா நாள் முழுக்கத் தனியா இருந்து சலிச்சுப் போயிட்டான்.
* வேலி நெடுக அங்கங்கே: கருத்தடை செய்யாத ஆண் நாயா இருந்தா, அக்கம்பக்கத்துல பெட்டை நாய் பருவத்துக்கு வந்திருக்கும். வெடிச் சத்தத்துக்குப் பயந்தாலும் இப்படித்தான் கண்ட இடத்துலயும் தோண்டும்.

இன்னிக்கே செய்ய வேண்டியது

வேலியை ஒரு சுத்து சுத்தி வா. வலையோட அடிப்பக்கத்தைக் காலால தள்ளிப் பாரு. ஆடுற இடத்துலயெல்லாம் கனமான கட்டுக் கம்பியை ஓட்டி, தூணோட இழுத்துக் கட்டு. இப்போ இருக்கிற குழியில வெறும் மண்ணைப் போட்டா அது தோண்டுறதுக்கு இன்னும் சுலபம். உடைஞ்ச கருங்கல்லைப் போட்டு இறுக்கி, மேலே மண்ணைத் தள்ளித் திமிசு வச்சு இடி. வேலி ஓரமா ஹாலோ பிளாக்கை வரிசையா வை. இது நாலு நாள் தாங்கும். அதுக்குள்ள நிரந்தரமா ஒரு வழி பண்ணிடு.

வேலிக்கு ஒரு 'பாவாடை'

நான் பண்ணினதுலயே நல்லாப் பலன் கொடுத்தது இதுதான். ஹார்டுவேர் கடையில 3 அடி அகலத்துல ஜி.ஐ. வெல்ட் மெஷ் வாங்கு. கண்ணு 2 அங்குலத்துக்கு மேல வேண்டாம், பாதம் மாட்டிக்கும். குட்டின்னா 1 அங்குலக் கண்ணு எடு.

1. நாய் இருக்கிற உள்பக்கம், வேலி ஓரமா 2 அடி அகலத்துக்கு மண்ணை 3 அங்குலம் சுரண்டி எடு. தண்ணிக் குழாயோ மோட்டார் ஒயரோ அடியில போகுதான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோ.
2. மெஷ்ஷை மடக்கி, 1 அடி வேலி மேல நிக்கட்டும், 2 அடி தரையில படுக்கட்டும்.
3. நிக்கிற பாகத்தை வேலி வலையோட அரை அடிக்கு ஒரு கட்டு போடு. முனையை நல்லா முறுக்கி வெளிப்பக்கம் மடக்கிடு.
4. படுத்திருக்கிற பாகத்துல 2 அடிக்கு ஒண்ணா, கம்பியைக் கொண்டை ஊசி மாதிரி வளைச்சு அடிச்சு இறக்கு.
5. ரெண்டு துண்டு சேர்ற இடத்துல அரை அடி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கணும்.
6. எடுத்த மண்ணையே மேலே பரப்பி, புல்லு நட்டு விடு.

வெளியே போகப் பார்க்கிற நாய் வழக்கமா வேலிக் காலடியிலதான் தோண்ட ஆரம்பிக்கும். நகம் கம்பியில பட்டதும் விட்டுடும். 2 அடி பின்னாடி தள்ளி வந்து தோண்டலாம்னு பெரும்பாலும் அதுக்குத் தோணாது.

மெஷ்ஷுக்குப் பதிலா கடப்பாக் கல்லும் வைக்கலாம். ஒன்றரை அடி உயரத் துண்டா வெட்டி வாங்கி, 1 அடி மண்ணுக்குள்ள போற மாதிரி இடைவெளி இல்லாம நட்டுடு. கேட்டுக்கு அடியில மட்டும் அரை அடி அகலம், 1 அடி ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டுடு. மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு தடவை எல்லாத்தையும் சரிபாரு. ஊறின மண்ணு சீக்கிரம் பறிபடும்.

வேலியோட வேலை முடியலை, காரணத்தையும் தீர்த்து வை

* வெயிலுக்கு: தென்னங்கீத்து வேய்ஞ்சு சின்னதா ஒரு பந்தல், கவிழாத மண் தொட்டியில தண்ணி, படுக்க ஈரச் சாக்கு. வெயில் உச்சத்துல வீட்டுக்குள்ள விட்டுடு.
* சலிப்புக்கு: காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி நடைக்குக் கூட்டிட்டுப் போ. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஓட்டத்துக்குன்னே வளர்த்த வேட்டை நாய்ன்னா நடை மட்டும் பத்தாது, ஓடவும் விடணும்.
* தெருப் பக்கத்துக்கு: வேலியில 4 அடி உயரத்துக்குப் பச்சை நிழல்வலை கட்டிடு. பார்வை மறைஞ்சா பாதித் தவிப்பு குறையும்.
* எலிக்கு: விறகையும் தட்டுமுட்டுச் சாமானையும் வேலியை விட்டுத் தள்ளி வை. எலிக்கூண்டு வை. எலி வளையில பாம்பும் இருக்கும், அதனால நாயை அங்கே தோண்டவே விடாதே.
* பருவத்துக்கு: கருத்தடை பத்தி கால்நடை டாக்டர்கிட்ட கேளு. நாய் பெட்டையா இருந்தா, ஏறத்தாழ ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பருவம் வரும், மூணு வாரம் வரை இருக்கும். அப்போ வெளியே இருந்து ஆண் நாய்ங்க தோண்டிக்கிட்டு உள்ளே வரும். அந்த நாள்ல அவளைத் தனியா கொல்லையில விடாதே.
* வெடிச் சத்தத்துக்கு: தீபாவளி நேரத்துல உள் அறையில ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டி.வி.யையும் போட்டு, நீயும் கூட இரு. மிரண்டு போன நாய்க்கு எந்த வேலியும் தடையில்லை. கழுத்துப் பட்டையில உன் போன் நம்பரை எழுதி வை.

தோண்ட ஒரு இடம் கொடு

தோண்டுறது நாயோட பிறவிக் குணம். டாஷ்ஹண்ட் மாதிரி வளைக்குள்ள புகுந்து வேட்டையாடவே உருவாக்கின இனங்களும் இருக்கு. அதை ஒரேயடியா நிறுத்தச் சொல்றது பாவம். நிழல்ல 5 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்துப் பொலபொலன்னு மணலைக் கொட்டு. சாயங்காலம் கொஞ்சம் தண்ணி தெளி. அவனுக்குப் பிடிச்ச பந்து, கேரட் துண்டுன்னு எதையாவது மேலாப்புல புதைச்சு, அவன் கண்ணு முன்னாடியே எடுத்துக் காட்டு. வேலிகிட்ட தோண்டுறதைப் பார்த்தா கத்தாம பேர் சொல்லிக் கூப்பிட்டு இங்கே கொண்டு வந்து விடு. இங்கே தோண்டினா தட்டிக் கொடு. ஒரே நாள்ல பழக்கம் மாறாது. ஆனா மாறும்.

இதையெல்லாம் செய்யவே செய்யாதே

* அந்துருண்டை, பினாயில், மிளகாய்த்தூள்: அந்துருண்டை நாய்க்கு விஷம். பினாயில் நக்கினா ஆபத்து. மிளகாய்த்தூள் கண்ணையும் மூக்கையும் புண்ணாக்கிடும்.
* எலி மருந்து: மருந்தைத் தின்னாலும், மருந்து தின்ன எலியைத் தின்னாலும் நாய் உயிருக்கே ஆபத்து.
* கண்ணாடித் துண்டு, முள் கம்பி: பாதம் கிழிஞ்சு சீழ் வைக்கும்.
* வேலி ஓரத்துல அரளி, காட்டாமணக்கு: ரெண்டும் விஷம். தோண்டுற நாய் வேரையும் கடிக்கும். செடிக்கு ஆமணக்குப் புண்ணாக்கு போடுறதையும் நிறுத்து. மத்த புண்ணாக்குன்னு நினைச்சுத் தின்னுடும், ரொம்பக் கொடிய விஷம்.
* நாள் முழுக்கச் சங்கிலி: அதுல நாயோட குணமே கெட்டுப் போகும். எப்பவும் கட்டிப் போட்ட நாயை நடமாட விடாம இருக்கிறது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் கூட.
* குழியைக் காட்டி அடிக்கிறது: எப்பவோ தோண்டினதுக்கு இப்போ அடி வாங்குறோம்னு அதுக்குப் புரியாது. உன்னைப் பார்த்தாலே பயப்பட மட்டும் கத்துக்கும்.

அவன் வெளியே போய்த் திரும்பி வந்தா முதல்ல பாதம், நகம், காது, கழுத்து எல்லாம் தடவிப் பாரு. கடிபட்டிருந்தா சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கழுவிட்டு, தாமதிக்காம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. வெறிநாய்த் தடுப்பூசியும் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் தேதி தவறாம இருக்கட்டும்.

செம்பனுக்குக் கால் கூடிடுச்சு, குளிர்காலத்துல மட்டும் லேசா நொண்டுவான். துவைக்கிற கல்லுத் தண்ணியை இப்போ அவனோட மணல் குழிப் பக்கம் திருப்பி விட்டிருக்கேன். மத்தியானம் அதுல பள்ளம் பறிச்சு, வயித்தை மண்ணோட ஒட்டிப் படுத்துத் தூங்குவான். வேலி ஓரத்துல அருகம்புல் அடர்ந்து கிடக்கு. நீயும் இன்னிக்குச் சாயங்காலம் அந்தப் புதுக் குழிகிட்ட உட்கார்ந்து மண்ணைத் தொட்டுப் பாரு. என்ன தெரிஞ்சுதுன்னு ராத்திரி எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அக்கா